எவ்ளோ மெனக்கெடணும்னு வரையறவங்கதான் முடிவு பண்ணணும்: அத எப்டி மதிக்கறது

ஒருத்தங்க ஒரு படம் வரைஞ்சு போடுறாங்க. பென்சில்ல நாலஞ்சு கோடுதான், ஆனா ஒரு ஆள் குனிஞ்சு செருப்பு மாட்டிட்டு இருக்கறது பளிச்சுனு தெரியுது. கீழ முதல் கமெண்ட்டே "நல்லாருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கலாம்". இன்னொருத்தங்க ஒரு மரத்த இலை இலையா மாசக்கணக்குல உக்காந்து வரைஞ்சு போடுறாங்க, அங்கயும் ஒருத்தர் வந்து "இதுக்குப் போயி இவ்ளோ நேரமா, யாரு இதெல்லாம் உத்துப் பாக்கப்போறா"ன்னு எழுதிட்டுப் போறார். ரெண்டும் எதிரெதிர் கமெண்ட் மாதிரி இருக்கும், ஆனா நடக்கறது ஒண்ணுதான். எவ்ளோ உழைப்பு போடணும்ங்கறது வரைஞ்சவங்க எடுத்த முடிவு, அத பாக்கறவங்க தன் கையில எடுத்துக்கறாங்க.

எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது. நானும் வரையறவதான், வரையற ஆளுங்களோடதான் பாதி நேரம் பேசிட்டு இருப்பேன், மூஞ்சில அடிச்ச மாதிரி திட்டு வாங்கி நிறுத்துனவங்கள விட "இன்னும் பண்ணிருக்கலாமே"ங்கற இந்த மெதுவான வார்த்தைய திரும்பத் திரும்ப கேட்டு, வரைஞ்சத வெளிய காட்டுறதையே நிறுத்துனவங்கதான் எனக்குத் தெரிஞ்சு அதிகம். சொல்றவங்க கெட்டவங்க இல்ல, உற்சாகப்படுத்தறதா நெனச்சுதான் சொல்றாங்க. அதனாலதான் எப்டி பாக்கறது, எப்டி பேசறது, காசு குடுத்து வாங்கும்போது எது கேக்கலாம் எது கேக்கக்கூடாதுன்னு கொஞ்சம் விரிவா எழுதறேன். எனக்குத் தெரிஞ்சது படம்ங்கறதால அதப் பத்திதான் அதிகம் வரும், ஆனா பாட்டு, கதை, வீடியோ, கைவேலைன்னு எல்லாத்துக்கும் இதேதான்.

மொதல்ல, நேரத்த வச்சு அளக்கறத விடுங்க

ஒரு வேலைக்குப் பின்னாடி எவ்ளோ உழைப்பு இருக்குன்னு வெளிய நின்னு சொல்லவே முடியாது. ரெண்டே கோட்டுல முடிஞ்ச படம் அதுக்கு முன்னாடி கிழிச்சுப் போட்ட இருவது தாளுக்கு அப்புறம் வந்ததா இருக்கலாம், பாக்க பிரமிப்பா இருக்கற ஒரு பேக்ரவுண்ட் வரையற ஆப்ல இருக்கற ரெடிமேட் பிரஷ்ல பத்து நிமிஷத்துல வந்திருக்கலாம், ரெண்டுமே தப்பில்ல. 

இதுக்காக கோர்ட்டு வரைக்கும் போன ஓவியர் ஒருத்தர் இருக்கார், ஜேம்ஸ் விஸ்லர். 1877ல லண்டன்ல அவரோட படங்கள கண்காட்சில வச்சாங்க, அதுல ஒண்ணு ராத்திரி வானத்துல வாணவேடிக்கை செதறி விழற காட்சி, கறுப்பு மேல அங்கங்க தங்கப் புள்ளி, அவ்ளோதான். ஜான் ரஸ்கின்னு அந்தக் காலத்து பெரிய கலை விமர்சகர் அதப் பாத்துட்டு, ஒரு வாளி பெயிண்ட்ட ஜனங்க மூஞ்சில வீசிட்டு 200 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்து காசு) கேக்கறாரேங்கற மாதிரி எழுதிட்டார். விஸ்லர் அவதூறு கேஸ் போட்டார், 1878ல விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் படத்துக்கு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கேட்டு, ரெண்டு நாள்னு தெரிஞ்சதும், ரெண்டு நாள் வேலைக்கா இவ்ளோ காசுன்னு மடக்கறார். இல்ல, வாழ்நாள் முழுக்க வேல செஞ்சு தெரிஞ்சுக்கிட்டதுக்குத்தான் கேக்கறேன்னு விஸ்லர் சொன்னார். கேஸ் ஜெயிச்சார், ஆனா கோர்ட்டு அவருக்குக் குடுத்த நஷ்ட ஈடு ஒரே ஒரு ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னில கால்வாசி. செலவு தாங்காம அடுத்த வருஷம் 1879ல திவாலாயிட்டார்.

அந்த பதில் எல்லாருக்கும் புடிக்கும், எனக்கும் புடிக்கும், ஆனா அதோட நின்னுடக்கூடாதுன்னு நெனக்கறேன். ஏன்னா அதுலயும் ஒரு கணக்கு இருக்கு, ரெண்டு நாளுக்கு பதிலா முப்பது வருஷம்னு பெரிய நம்பரா காட்டி வாய அடைக்கற கணக்கு. போன வாரம்தான் பென்சில் எடுத்த பொண்ணு ரெண்டு நிமிஷத்துல ஒரு பூனைய கிறுக்கி அதோட நிறுத்திட்டா, அவளுக்குப் பின்னாடி வாழ்நாள் உழைப்பெல்லாம் இல்ல. அப்பவும் எங்க நிறுத்தணும்னு முடிவு பண்ற உரிமை அவளோடதுதான். அனுபவம் இருக்கறவங்களுக்கு மட்டும் குடுக்கற மரியாதை இல்ல இது.

எங்க உழைப்பு போட்டிருக்காங்க, எங்க விட்டிருக்காங்கன்னு பாருங்க

நடைமுறைல இதுதான் எனக்கு ரொம்ப உதவுன பழக்கம், கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

ஒரு வயசான அம்மா உக்காந்திருக்கற படம்னு வச்சுக்கோங்க. மொகம் முழுக்க ஷேடிங் பண்ணிருக்காங்க, கண்ணுக்குக் கீழ இருக்கற சுருக்கம், மூக்குத்தி மேல விழற வெளிச்சம், காதோரம் பிரிஞ்சு நிக்கற முடி வரைக்கும். கழுத்துக்குக் கீழ வரவர கோடு தளர்ந்துக்கிட்டே போகுது. மடில இருக்கற கைக்கு விரலே கிடையாது, ரெண்டு வளைவு மட்டும். நாற்காலி ஒரே ஒரு கோடு, அதுவும் பாதில நின்னுடுச்சு. இதப் பாத்ததும் "கை முடிக்கலையே"ன்னு தோணுறது சகஜம். அந்த எடத்துல ஒரு பத்து செகண்ட் நிறுத்தி, உங்க கண்ணு எங்க போகுதுன்னு கவனிங்க. மொகத்துக்குப் போகும், கீழ இறங்கும், புடிச்சு நிக்க ஒண்ணும் இல்லாம திரும்ப மொகத்துக்கே போகும். கைய விரல் நகத்தோட வரைஞ்சிருந்தா கண்ணு அங்க போயி உக்காந்துக்கும், மொகத்தோட பலம் பாதியா கொறஞ்சுடும். அந்த ரெண்டு வளைவு மறதியில வந்திருக்கணும்னு இல்ல, அங்க வேணாம்னு வரைஞ்சவங்க முடிவு பண்ணிருக்கலாம்.

இன்னொரு சாத்தியமும் இருக்கு, அதையும் நேர்மையா சொல்லணும். அவங்களுக்கு கை வரைய புடிக்காம இருந்திருக்கலாம், இல்ல அன்னிக்கு சலிப்பு வந்திருக்கலாம், இல்ல தூக்கம் வந்து மூடி வச்சிருக்கலாம். அப்பவும் அது அவங்க முடிவுதான். ஒவ்வொரு விட்ட கோட்டுக்கும் ஆழமான காரணம் இருந்தாதான் மதிப்போம்னு நின்னா, அதுவும் ஒரு வகைல கணக்கு கேக்கறதுதான். காரணம் தெரியாமலே விட்டுடத் தெரியணும்.

கம்மியா போடுறதே ஒரு டெக்னிக்கா இருக்கற எடங்கள் நெறைய உண்டு. அனிமேஷன்ல ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம் ஓடும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புது போஸ் போட்டா ஒன்ஸ், ஒரே போஸ ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துனா ட்வோஸ், அதாவது செகண்டுக்கு 12 போஸ்தான். 2018ல வந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படம், ஸ்பைடர் வெர்ஸ், அதுல காட்டுக்குள்ள ரெண்டு பேரும் வலை வீசி ஆடி ஆடிப் போற சீன்ல அனுபவசாலி பீட்டர ஒன்ஸ்லயும் புதுப் பையன் மைல்ஸ ட்வோஸ்லயும் அனிமேட் பண்ணாங்க. பையன் தடுமாறுறது அந்தக் கொறைஞ்ச ஃப்ரேம்ல இருந்தே நமக்கு உறைக்குது. கம்மியா இருக்கேன்னு யாராவது நடுவுல பூந்து மைல்ஸுக்கும் 24 போஸ் போட்டிருந்தா அந்த சீனோட உயிரே போயிருக்கும். இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல, ஜப்பான்ல செஷ்ஷூங்கற துறவி ஓவியர் 1495ல ஒரு மலைக்காட்சிய மைய தெளிச்ச மாதிரி வேகமான தீட்டுகள்லயே முடிச்சிருக்கார், அதே ஆள் இன்னொரு பக்கம் ரொம்ப நுணுக்கமான படங்களும் வரைஞ்சவர்தான்.

காமிக்ஸ்ல எனக்கு ரொம்ப புடிச்ச உதாரணம் ஒன் பஞ்ச் மேன். ஒன்ங்கற புனைபேர்ல எழுதறவர் 2009ல அத தானே வரைஞ்சு இணையத்துல போட ஆரம்பிச்சார், கோடெல்லாம் கோணலா, பேக்ரவுண்ட் பாதி எடத்துல இல்லாம. ஜனங்க விழுந்து விழுந்து படிச்சாங்க. 2012ல யூசுகே முராட்டாங்கற கலைஞர் அதே கதைய எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் அசுர உழைப்புல திரும்ப வரைய ஆரம்பிச்சார், அதுவும் ஹிட். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அதுக்கப்புறமும் ஒன் தன்னோட பதிப்ப தன் கையாலயே அதே கரடுமுரடான ஸ்டைல்ல தொடர்ந்து போட்டார். ரெண்டு பேரும் ரெண்டு அளவு உழைப்ப தேர்ந்தெடுத்தாங்க, ரெண்டுக்கும் எடம் இருந்துச்சு, ஒருத்தரோட அளவ இன்னொருத்தர் மேல யாரும் வச்சுப் பாக்க வேண்டிய தேவையே வரல.

கமெண்ட் போடும்போது

"சோம்பேறித்தனம்", "அவசரத்துல போட்டது", "லோ எஃபர்ட்", "உன் திறமைக்கு இது கம்மி" இந்த நாலையும் மொத்தமா விட்டுடுங்க. இதெல்லாம் வேலையப் பத்தின வார்த்தையே இல்ல, ஆளப் பத்தின தீர்ப்பு, அதுவும் உங்களுக்குத் தெரியவே தெரியாத ஒரு விஷயத்தப் பத்தி. கடைசில இருக்கறது பாராட்டு மாதிரி வேஷம் போட்டு வர்றதால அதுதான் ரொம்ப ஆழமா குத்தும். திறமை இருக்கறவங்க எப்பவும் அத முழுசா பிழிஞ்சுதான் காட்டணும்னு யாருக்கும் கடன்படல.

பாராட்டுலயும் ஒரு சின்ன கவனம் வேணும். "எத்தன மணி நேரம் ஆச்சு? 60 மணி நேரமா? அதான் இவ்ளோ அழகா இருக்கு!" இப்டியே பாராட்டிப் பழகுனா, அடுத்த தடவ அவங்க 2 மணி நேரத்துல ஒண்ணு வரையும்போது அத வெளிய போடவே கூச்சப்படுவாங்க, போட்டாலும் "சும்மா கிறுக்கல்தான், மன்னிச்சுக்கோங்க"ன்னு மேல எழுதி வச்சுதான் போடுவாங்க. அந்த வரிய எத்தன பேரு எழுதறாங்கன்னு கவனிச்சுப் பாருங்க, மனசு கஷ்டமா இருக்கும். நேரத்த கேக்கறதே தப்புன்னு சொல்லல, அவங்களே ஆசையா ப்ராசஸ் சொல்லும்போது தாராளமா கேளுங்க. ஆனா பாராட்டோட எடைய வேலைல கண்ணுக்குத் தெரியற ஒண்ணு மேல வைங்க. "அந்த அம்மாவோட கண்ணு என்ன விடவே இல்ல", "ரெண்டாவது சரணத்துல குரல் லேசா உடையுதே, அங்க நின்னுட்டேன்", "கடைசி பாராவுல அவன் கதவ சாத்தாம போனது நல்லாருந்துச்சு". உழைப்பு அதிகமோ கம்மியோ இந்த மாதிரி வார்த்தை எல்லாத்துக்கும் செல்லும்.

அடுத்தது, அவங்க எங்க வேலைய நிறுத்துனாங்களோ அதுக்கு மேல கேக்காதீங்க. ஸ்கெட்ச் போட்டா "கலர் எப்ப?", கலர் போட்டா "பேக்ரவுண்ட் இல்லையா?", டெமோ பாட்டு போட்டா "ஃபுல் வெர்ஷன் எப்ப?", சின்னக் கதை போட்டா "இத நாவலா எழுதுங்க". ஆர்வத்துலதான் கேக்கறோம்னு தெரியும், ஆனா ஒவ்வொரு தடவையும் இது முடியலன்னு அவங்க காதுல விழும். உங்களுக்கு நிஜமாவே இன்னும் வேணும்னு ஆசையா இருந்தா, "இதே ஆளுங்கள வச்சு இன்னொண்ணு எப்பவாவது வந்தா ஓடி வந்து படிப்பேன்"னு சொல்லலாம், அதுல கையில இருக்கறது முழுசுன்னு ஒத்துக்கிட்டுதான் அடுத்தத கேக்கறீங்க.

மேல சொன்ன மரம் வரைஞ்சவங்க மாதிரி அதிகமா போடுறவங்களுக்கும் இதே மரியாதை வேணும். "ஓவரா பண்ற", "ஃபில்டர் போட்டா முடிஞ்சது", "இவ்ளோ தேவையே இல்ல" இதெல்லாம் அக்கறை மாதிரி தோணும், ஆனா அவங்களுக்கு அந்த ஒவ்வொரு இலையும் வரையற நேரம்தான் சந்தோஷமா இருந்திருக்கும், முடிஞ்ச படம் அதோட மிச்சம். உடம்பு கெடுதுன்னு உங்களுக்கு கண்கூடா தெரிஞ்சு, நெருங்குன ஆளாவும் இருந்தா, உடம்ப பத்திப் பேசுங்க, சாப்ட்டியா தூங்கினியா கை வலிக்குதான்னு கேளுங்க, படத்த கம்மியா பண்ணுன்னு சொல்லாதீங்க.

கருத்து சொல்லணும்னா

விமர்சனமே கூடாதான்னு கேட்டா, அப்டி இல்லவே இல்ல. வெளிய வச்ச வேலையப் பத்தி நல்லா இல்லன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. ஆனா விளைவப் பத்தி பேசுங்க, உழைப்பப் பத்தி பேசாதீங்க. "இந்த சண்ட சீன்ல யாரு யார அடிக்கறாங்கன்னு எனக்குப் புரியல" இது விளைவு, சரியோ தப்போ உங்களுக்கு நடந்த ஒண்ணு, அவங்க எடுத்துக்கலாம் விடலாம். "சண்ட சீன்ல இன்னும் உழைச்சிருக்கணும்" இது நீங்க கண்ணால பாக்காத ஒண்ணப் பத்தின ஊகம், அதுக்கு மேல ஒரு உத்தரவு வேற. புரியாம போனதுக்கு காரணம் உழைப்பு கொறஞ்சதா இருக்கணும்னே இல்ல, சில சமயம் ஏகப்பட்ட கோடு போட்டதாலதான் புரியாம போகும்.

தனியா சொல்றதா இருந்தா முதல்ல கேட்டுடுங்க, "ஒண்ணு தோணுச்சு, சொல்லட்டுமா, இல்ல இப்போதைக்கு வேணாமா?" வேணாம்னா வேணாம். அத வச்சு "ஃபீட்பேக் தாங்காத ஆளு"ன்னு ஒரு முத்திரை குத்தாதீங்க, பொழுதுபோக்குக்கு வரையறவங்க எல்லாரும் முன்னேறியே ஆகணும்னு எந்த சட்டமும் இல்ல. வருஷக்கணக்கா ஒரே மாதிரி பூ வரைஞ்சு சந்தோஷமா இருக்கறவங்கள எனக்குத் தெரியும், அவங்க கிட்ட அனாட்டமி (உடம்பமைப்பு) படிங்கன்னு சொல்றது அவங்க கேக்காத பரிட்சைக்கு மார்க் போடுற வேல.

காசு குடுத்து வரையச் சொல்லும்போது

இங்க உங்களுக்கு பேச்சுரிமை இருக்கு, எவ்ளோன்னு தெளிவா தெரிஞ்சுக்கணும். கமிஷன் எடுக்கற, அதாவது காசு வாங்கிட்டு கேட்டத வரைஞ்சு குடுக்கற பல பேரு வேலைய படிப்படியா பிரிச்சு வச்சிருப்பாங்க, ஸ்கெட்ச், லைன் ஆர்ட் (சுத்தமான கோடு மட்டும்), ஃப்ளாட் கலர் (நிழல் இல்லாம வெறும் கலர்), ஃபுல் ரெண்டர் (நிழல், வெளிச்சம் எல்லாம் சேத்து)னு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரேட். இதுல நீங்க தேர்ந்தெடுக்கறது அவங்க மேசைல வச்ச உழைப்பு அளவுல ஒண்ண. ஃப்ளாட் கலருக்கு காசு குடுத்துட்டு "லேசா ஒரு ஷேடிங் மட்டும், அஞ்சு நிமிஷ வேலதானே"ன்னு கேக்கறது, அந்த அஞ்சு நிமிஷத்த நீங்க நிர்ணயம் பண்றீங்கங்கறதாலதான் தப்பு. ஷேடிங் வேணும்னா அதுக்கான ரேட்ட கேளுங்க, அவங்க மாட்டேன்னும் சொல்லலாம்.

ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடியே அவங்க முடிச்ச வேலைங்கள நல்லா பாத்துடுங்க, அந்த அளவுலதான் உங்களுக்கும் வரும். கோட்டுச் சித்திரம் போடுறவங்க கிட்ட போயி ஆயில் பெயிண்டிங் மாதிரி எதிர்பாத்துட்டு பின்னால ஏமாந்துட்டேன்னு சொல்றதுல நியாயம் இல்ல. ரெஃபரன்ஸ் (பாத்து வரையறதுக்கான ஃபோட்டோ மாதிரி) எல்லாம் முதல்லயே குடுத்துடுங்க. மாத்தம் எத்தன தடவ ஃப்ரீ, எந்தக் கட்டத்துல கேக்கலாம், கமர்ஷியலா பயன்படுத்தலாமா, எப்ப கைக்கு வரும், இதெல்லாம் எழுத்துல வாங்கிக்கோங்க.

மாத்தம் கேக்கற நேரம் ரொம்ப முக்கியம். அவங்க ஸ்கெட்ச் அனுப்பும்போது நீங்க இப்டி எழுதலாம்: "அக்கா, ஸ்கெட்ச் பாத்தேன், போஸ் ரொம்ப நல்லாருக்கு. பாப்பாவோட தல இந்தப் பக்கம் அம்மாவ பாத்து திரும்பி இருந்தா நாம பேசுன மாதிரி வரும், மாத்த முடியுமா? மத்தபடி நீங்க லைன் ஆர்ட் ஆரம்பிக்கலாம்." இதுல என்ன வேணும்னு இருக்கு, எது ஓகேன்னு இருக்கு, எப்டி வரையணும்னு இல்ல. இதே தலைய முழுக்க கலர் பண்ணி முடிச்சதுக்கு அப்புறம் திருப்பச் சொன்னா தைச்ச சட்டைய பிரிச்சு வெட்டச் சொல்ற மாதிரி, கழுத்து, முடி, நிழல், பின்னாடி இருக்கற அம்மா கை எல்லாத்தையும் திரும்ப போடணும். அப்டி ஒரு நெலம வந்தா எக்ஸ்ட்ரா காசோட கேளுங்க, முடியாதுன்னா ஏத்துக்கோங்க.

பேசுன அளவுக்கு வேல வரலன்னா கண்டிப்பா கேக்கலாம், ஃபுல் ரெண்டர்னு வாங்கிட்டு ஃப்ளாட் கலர் குடுத்தா அது அவங்க விருப்பம்னு விட்டுடச் சொல்ல மாட்டேன். அது ஒப்பந்தம், அத ரெண்டு பேரும் காப்பாத்தணும். அப்பவும் "பேசுனது இது, வந்தது இது"ன்னு சொன்னா போதும், "நீங்க மனசு வச்சு பண்ணல"ங்கற வரி தேவையே இல்ல.

ஃப்ரீயா கேக்கறவங்களுக்கு ஒரே வரி: நட்புல வரைஞ்சு குடுத்தாங்கன்னா எந்த அளவுல குடுத்தாங்களோ அதுதான் பரிசு, அதுல திருத்தம் கேக்காதீங்க.

பழச புதுசோட ஒப்பிடறது, காத்திருக்கறது

"முன்னாடியெல்லாம் எவ்ளோ டீட்டெயிலா பண்ணுவீங்க, இப்ப என்ன இப்டி?" இந்தக் கேள்விய கேக்கறவங்களுக்கு பதில்ல என்னெல்லாம் இருக்கலாம்னு தெரியாது. மணிக்கட்டு வலி, தோள்பட்ட வலி, கண்ணு, வீட்ல ஒரு கொழந்த, புது வேல, மனசு சரியில்லாதது, இல்லன்னா எளிமையா வரையறதுதான் இப்ப புடிக்குதுங்கற ஒரே காரணம். ஒரே அசைவ வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப பண்றதால வர்ற கை வலி வரையறவங்களுக்கும் வாத்தியம் வாசிக்கறவங்களுக்கும் ரொம்ப சாதாரணம், அது வந்தவங்க வேலைய கொறைச்சுக்கறது தொடர்ந்து வேல செய்யறதுக்காகத்தான். பீனட்ஸ்ங்கற அமெரிக்க பத்திரிகை காமிக்ஸ் வரைஞ்ச சார்ல்ஸ் ஷுல்ஸ் 1950ல இருந்து 2000 வரைக்கும் 17,897 ஸ்ட்ரிப்ப உதவியாளர் யாரும் வச்சுக்காம தானே வரைஞ்சார், பிற்காலத்துல கை நடுங்குனதால கோடு நெளிஞ்சு நெளிஞ்சு வரும், அந்தக் கோட்டோடயே வரைஞ்சார். வேற ஆள வச்சு நேர்கோடு போட்டிருக்கலாம், தானே வரையணும்ங்கறது அவரோட முடிவு. வேற ஒருத்தர் அதே எடத்துல உதவியாளர வச்சுக்கலாம், இல்ல மொத்தமா நிறுத்தலாம், அதுவும் அவங்க முடிவு.

அதனால மாத்தத்தப் பாத்தா காரணம் தோண்டாதீங்க. காரணம் சொல்ல வைக்கறதே ஒரு சுமை, உடம்பு சரியில்லன்னு ஊருக்கே விளக்கம் குடுத்தாதான் மன்னிப்போம்ங்கற மாதிரி ஆயிடுது.

தொடர்கதை, தொடர் காமிக்ஸ் படிக்கறவங்க அப்டேட் கேக்கறதும் இதுல சேரும். மாங்கான்னு சொல்ற ஜப்பான் காமிக்ஸ் வாராவாரம் வரும்போது ஒரு சாப்டருக்கு கிட்டத்தட்ட 19, 20 பக்கம் வரும், அத ஒரு குழுவே சேந்து பண்ணியும் மூச்சு வாங்கும். உங்களுக்குப் புடிச்ச கதைய எழுதறவங்க ராத்திரி வேல முடிஞ்சு வந்து தனியா உக்காந்து எழுதறவங்களா இருக்கலாம். "எப்ப வரும்?"னு எழுதறதுக்கு பதிலா பழைய சாப்டர் எதையாவது திரும்ப படிச்சு அதுல புடிச்சத எழுதுங்க. தொடர நிறுத்திட்டாங்கன்னா, பாதில விட்டதுக்கு வருத்தமா இருக்குன்னு சொல்றது மனுஷத்தனம்தான், ஏமாத்திட்டீங்கன்னு சொல்றது நியாயமே இல்ல.

நீங்களே திருத்திக் காட்டாதீங்க

ஒருத்தர் படத்த எடுத்து "நான் கொஞ்சம் சரி பண்ணேன்"னு ஷேடிங் சேத்து, கண்ண பெருசாக்கி திரும்ப போடுறது, டெமோ பாட்டுல கேக்காம பீட் சேத்து விடுறது, கவிதைல வரி மாத்திக் காட்டுறது, இதெல்லாம் அவங்களா கேக்காத வரைக்கும் வேணாம். இது வெறும் நாகரிகம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல, பெர்ன் ஒப்பந்தம்னு 1886ல வந்த காப்புரிமை (காப்பிரைட்) ஒப்பந்தத்துல 1928ல ரோம்ல ஒரு பிரிவு சேத்தாங்க, தன்னோட பேருக்கும் மதிப்புக்கும் கேடு வர்ற மாதிரி படைப்ப சிதைச்சாலோ மாத்துனாலோ ஆட்சேபிக்கிற உரிமை படைப்பாளிக்கு உண்டு, காப்புரிமைய வித்துட்டா கூட அந்த உரிமை அவங்க கிட்டயே இருக்கும்னு. வகுப்புல வாத்தியார் ட்ரேஸிங் பேப்பர் மேல வரைஞ்சு காட்டுறது வேற விஷயம், கத்துக்க வந்தவங்க அதுக்கு ஒத்துக்கிட்டுதான் வந்திருக்காங்க, அங்கயும் அவங்க தாள்ல நேரா கை வைக்காத வாத்தியார்தான் எனக்கு நல்ல வாத்தியார்.

கொழந்தைங்க விஷயத்துல இத பெரியவங்கதான் அதிகம் மறக்கறாங்க. ஒரு ஆளு, ஒரு சூரியன், ஒரு வீடு, முடிஞ்சதுன்னு எழுந்து ஓடுற கொழந்தைய திரும்ப உக்கார வச்சு "வானத்துக்கு நீலம் அடி, கீழ புல்லு போடு, வெள்ளையா விடாத"ன்னு சொல்றோம். அந்தக் கொழந்தைக்கு சொல்ல வந்தது சொல்லி முடிஞ்சுது. "இது யாரு? இவங்க எங்க போறாங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, தாள்ல இல்லாத அத்தனையும் வாயில வரும்.

சேந்து வேல செய்யும்போது

இங்க மட்டும் நெலம கொஞ்சம் சிக்கல், ஏன்னா ஒருத்தரோட அளவு இன்னொருத்தர் தலையில விழும். நாலு பேரு சேந்து ஒரு குறும்படமோ கேமோ பண்றீங்க, ஒருத்தர் ராத்திரி பகலா உக்காந்திருக்கார், ஒருத்தர் வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான். மதிக்கறதுங்கறதுக்கு இங்க அர்த்தம், வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தரும் எவ்ளோ தர முடியும்னு வெளிப்படையா கேட்டு, அந்த அளவுக்கு வேலைய பிரிக்கறது. ரெண்டு மணி நேரம்னு சொன்னவர் ரெண்டு மணி நேரம் குடுத்தா அவர் சொன்னத செஞ்சுட்டார். நிறைய போடுறவர் "எனக்கு இருக்கற ஆர்வம் உனக்கு இல்ல"ன்னு சொல்ல ஆரம்பிச்ச நாள்லதான் பல டீம் ஒடையுது. பத்து மணி நேரம்னு சொல்லிட்டு காணாம போனா அத தாராளமா கேளுங்க, அது சொன்ன சொல்லப் பத்தின பேச்சு.

பொய்யும் அப்டித்தான், இதோட போட்டு கொழப்பிக்க வேணாம். மத்தவங்க படத்து மேலயே ட்ரேஸ் பண்ணிட்டு சொந்தமா வரைஞ்சேன்னு சொல்றது, கையால செஞ்சேன்னு சொல்லி ரெடிமேட்ட விக்கறது, இதையெல்லாம் தட்டிக் கேக்கறது சரிதான். ஆனா அங்க பிரச்சன உழைப்பு கம்மியானது இல்ல, சொன்னது உண்மையில்லாதது. "ரெடிமேட் பீட்லதான் பாடினேன்"னு தெளிவா சொன்னவங்க கிட்ட போயி ஏன் நீயே பீட் போடலன்னு கேக்க நமக்கு வேலையில்ல.

புடிக்கலன்னா நகர்ந்துடுங்க, ஃபாலோவ எடுத்துடுங்க, வேற ஆள தேடுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, கிளம்பும்போது "முன்ன மாதிரி இல்ல, அதான் போறேன்"னு அறிவிச்சுட்டுப் போக வேணாம். ஏற்கனவே யாருக்காவது இந்த மாதிரி கமெண்ட் போட்டிருந்தீங்கன்னு இப்ப ஞாபகம் வந்தா, நீளமா விளக்கம் எழுதி அவங்கள பதில் சொல்ல வைக்காதீங்க. அந்த வரிய எடுத்துட்டு, "அன்னிக்கு நான் கேட்டது தேவையில்லாதது, மன்னிச்சுக்கோங்க, அந்தப் படத்துல எனக்குப் புடிச்சது இது"ன்னு ஒண்ணு குறிப்பிட்டு சொல்லிட்டு விட்டுடுங்க.